குடியை விட்டபின் வராத தூக்கம்: எதை எடுப்பது, எதை ஒதுக்குவது

மறுவாழ்வு மையத்திலிருந்து வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆனவரை மனைவி ரிவியூவுக்கு அழைத்து வருவார். பெரும்பாலும் முதல் பேச்சே இதுதான்: "குடிக்கல மேடம், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுக்குறாரு. தூங்க ஒரு மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்களேன்." மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களின் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே பேச்சுதான்: "அழுகை நின்னுடுச்சு, சாப்பிடுறா. ஆனா விடிய மூணு மணிக்கெல்லாம் முழிச்சிக்கிறா."

குடிநோய் ஆலோசகரான எனக்கு இது சில்லறைப் புகாராகத் தெரிவதில்லை. குடியை நிறுத்திய பிறகு தூக்கம் கெட்டே கிடப்பவர்கள் மறுபடி குடிக்கப் போகும் வாய்ப்பு அதிகம். தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று, பல நீண்டகால ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று சொன்னது. ஆகவே "பொறுத்துக்குங்க, தானா சரியாயிடும்" என்று அனுப்பிவிட முடியாது. ஆனால் எந்த மாத்திரை என்று பேசுவதற்கு முன்னால், குடியை நிறுத்தி இது எத்தனையாவது வாரம் என்று கேட்டாக வேண்டும். முதல் வாரத்தில் உயிர் காக்கிற அதே மாத்திரை, ஐந்தாவது வாரத்தில் இரண்டாவது போதையாக மாறிவிடும். என் ஒப்பீடு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

தூக்கம் ஏன் போகிறது

டாஸ்மாக் குவாட்டர் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். இரவு 9 மணிக்குக் குடித்தவரின் ரத்தத்திலிருந்து அது முழுக்க இறங்க விடியற்காலை 3 மணி முதல் ஐந்தரை மணி வரை ஆகிவிடும். இறங்க இறங்க மூளை கிளர்ந்து எழுகிறது. முன்னிரவில் அடித்துப் போட்டது போன்ற தூக்கம், பின்னிரவில் வியர்வை, தாகம், படபடப்பு என்று துண்டுபடுவது இதனால்தான். குடித்தால் நன்றாகத் தூங்குகிறேன் என்பவர்கள் முதல் நாலு மணி நேரத்தை மட்டும் கணக்கில் வைத்துப் பேசுகிறார்கள்.

வருடக்கணக்கில் குடித்தவரின் நிலை இன்னும் சிக்கல். மூளையில் அடக்கும் வேலையை காபா என்ற வேதிப்பொருளும் கிளர்த்தும் வேலையை குளூட்டமேட்டும் செய்கின்றன. ஆல்கஹால் முன்னதுக்குத் துணைபோகும், பின்னதை அமுக்கும். நாளடைவில் மூளை இதற்கு ஈடுகொடுக்கத் தன் அமைப்பையே மாற்றிக்கொள்கிறது. திடீரென்று பாட்டில் நின்றால், அடக்க ஆளில்லாமல் கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். இத்தனை வருடம் அமுங்கிக் கிடந்த கனவுத் தூக்கமும் வட்டியோடு திரும்பும். கனவில் குடிப்பார்கள். திடுக்கிட்டு எழுந்து, நிஜமாகவே குடித்துவிட்டோமோ என்று வாயை ஊதி முகர்ந்து பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. இந்தக் கனவைக் கேட்டு வீட்டார் பதறத் தேவையில்லை. நிறுத்தியவர்களில் ஏராளமானோருக்கு வருவதுதான்.

எவ்வளவு நாள்? கை நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். தூக்கம் அப்படியில்லை. வாரக்கணக்கிலும், பலருக்கு மாதக்கணக்கிலும் இழுக்கும். ஆழ்ந்த தூக்கத்தின் அளவு பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனவர்களும் உண்டு. இதை மையத்திலேயே சொல்லி அனுப்பினால் பாதிப் பிரச்சினை குறையும் என்பது என் எண்ணம். "ஒரு மாசம் ஆச்சு, இன்னும் தூக்கம் வரல, அப்ப நான் குணமாகல போல" என்று அவரே தீர்மானித்துக்கொள்கிற இடத்தில்தான் டாஸ்மாக் வாசல் கண்ணுக்குத் தெரிகிறது.

மனச்சோர்வில் தூக்கம் கெடும் விதம் வேறு. படுத்ததும் தூக்கம் வரும், ஆனால் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே முழிப்பு வந்துவிடும். அந்த 3 மணி இருட்டில்தான் குற்ற உணர்வு உச்சத்தில் இருக்கும். சிலருக்கு நேர்மாறாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூங்கியும் அசதி போகாது. இந்த இரண்டாவது வகையினருக்குக் கீழே வரும் பல மருந்துகள் தேவையே இல்லை.

முதல் வாரம் தனிக் கணக்கு

தினமும் குடித்தவர் நிறுத்திய முதல் நாலைந்து நாளில் வருகிற தூக்கமின்மை, தூக்கப் பிரச்சினை என்று பேர் சொல்லிப் பார்க்கக் கூடாத ஒன்று. அது, பழகிய குடி திடீரென நின்றதால் வரும் விலகல் நோய். வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள், இடம் தெரியாத பிதற்றல் நிலைக்குப் போகலாம், அதில் உயிரும் போகலாம். இங்கே குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம், கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம் போன்ற பென்சோடயசெபின் மருந்துகள்தான் சரியான சிகிச்சை. கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. மருத்துவமனையில், நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். "மாத்திரையே வேண்டாம், மனவுறுதி போதும்" என்று வீட்டில் அடைத்துவைத்து நிறுத்த வைப்பதை நான் எந்தச் சூழலிலும் ஏற்கமாட்டேன்.

பிழை நடப்பது அதற்கு அடுத்த கட்டத்தில். டிஸ்சார்ஜ் சீட்டில் பத்து நாளைக்கு என்று எழுதியதை வைத்துக்கொண்டு தெருமுனை மெடிக்கலில் மூன்று மாதம் வாங்குவது.

தூக்க மாத்திரைகள்

அல்பிரசோலம், குளோனசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் ஆகியவைதான் நம் ஊரில் தூக்க மாத்திரை என்ற பெயரில் புழங்குபவை. முதல் இரவிலேயே வேலை செய்யும். அதுதான் அவற்றின் பலம், ஆபத்தும் அதுவே. பென்சோடயசெபின்கள் ஆல்கஹால் தட்டுகிற அதே காபா கதவைத்தான் தட்டுகின்றன. சில வாரம் தொடர்ந்தால் அளவு போதாமல் போகும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். குடித்துப் பழகிய மூளைக்கு இந்த வழி ஏற்கெனவே தெரிந்த வழி என்பதால் இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசம், மாத்திரை போட்ட இரவில் குடிக்கவும் செய்தால் மூச்சு அடங்கிப் போகலாம். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பென்சோடயசெபின் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் உச்சபட்ச எச்சரிக்கையில் அடிமைத்தனத்தையும் விலகல் விளைவுகளையும் சேர்க்கச் சொன்னது.

சோல்பிடெம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை, பழக்கமாகாது என்று சொல்லி விற்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. சில மணி நேரத்தில் உடம்பிலிருந்து வெளியேறிவிடும் என்பது உண்மை. ஆனால் பழக்கமாகும். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற சம்பவங்கள் பதிவானதால் 2019இல் அதற்கும் அதே கட்டம் கட்டிய எச்சரிக்கை வந்தது. பெண்களின் உடலில் மெதுவாகவே கரைகிறது என்பதால் அவர்களுக்கான அளவை 2013இலேயே 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள்.

இந்தியாவில் அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் எல்லாம் எச்1 பட்டியலில் வருபவை. 2014 மார்ச்சிலிருந்து நடப்பில் உள்ள விதி இது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். விதி இப்படி இருக்க, பழைய சீட்டின் போட்டோவைக் காட்டினாலே கொடுக்கும் கடைகள் எந்த ஊரில் இல்லை?

குடிப்பழக்கம் எதுவும் இல்லாமல், கடும் மனச்சோர்வோடு சிகிச்சை தொடங்குகிறவருக்கு முதல் இரண்டு வாரம் மட்டும் பென்சோடயசெபின் சேர்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதுவரை ஆள் தாங்க வேண்டும். ஆனால் நிறுத்தும் தேதி சீட்டிலேயே இருக்க வேண்டும். குடிநோயோ கஞ்சாவோ வலி மாத்திரைப் பழக்கமோ இருந்தவருக்கு முதல் வாரத்துக்குப் பிறகு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

மனச்சோர்வு மருந்தையே தூக்கத்துக்குப் பயன்படுத்துவது

மிர்டாசபின், டிராசோடோன், அமிட்ரிப்டிலின் மூன்றும் மனச்சோர்வு மருந்துகள், மூன்றுமே தூக்கக் கலக்கம் தரும். அடிமைப்படுத்தும் குணம் இல்லை என்பது பெரிய லாபம்.

மனச்சோர்வு உறுதியாக இருந்து, பசியும் செத்து, எடையும் இறங்கியிருக்கிறவருக்கு மிர்டாசபின் பொருத்தமாக அமையும். இரவில் ஒரே வேளை. விந்தையான விஷயம், 7.5 அல்லது 15 மில்லிகிராமில் வருகிற அசதி, அளவைக் கூட்டும்போது பலருக்குக் குறைந்துவிடும். சாப்பாட்டு ஆசையைத் தூண்டி எடை போடவைக்கும். சர்க்கரை நோய் உள்ளவர், ஏற்கெனவே பருமனானவர் இதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். இரவில் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும் தொந்தரவு சிலருக்கு இதனால் கிளம்பும்.

டிராசோடோன் பற்றி ஒரு கசப்பான தகவல். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குடியை நிறுத்தித் தூக்கம் கெட்டிருந்த 173 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரம் டிராசோடோனும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். டிராசோடோன் எடுத்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். ஆனால் குடிக்காத நாட்கள் கூடுவதில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள், மாத்திரையை நிறுத்திய பிறகு குடித்த நாட்களில் அதிகமாகவும் குடித்தார்கள். தூக்கம் வந்துவிட்டால் குடி தானாக விலகும் என்று நாம் எல்லோரும் போட்டு வைத்திருக்கிற கணக்கை இந்த ஒரே ஆய்வு முடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தூக்கத்தைச் சரிசெய்வதும் குடியிலிருந்து மீள்வதும் இரண்டு தனி வேலைகள் என்று அதைப் படித்த பிறகு நினைக்க ஆரம்பித்தேன்.

அமிட்ரிப்டிலின் மலிவு. ஆனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், முதியவர்களுக்குச் சிறுநீர் அடைக்கும், அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குலைக்கும். தற்கொலை எண்ணம் இருக்கும் வீட்டில் ஒரு மாதத்துக்கான அட்டைகள் மேசை டிராயரில் கிடக்கக் கூடாத மருந்து இது. எந்த மருந்தானாலும் அப்படிப்பட்ட வீட்டில் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி, வேறொருவர் பொறுப்பில் வைத்துக் கொடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: புளுவாக்சடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பின் போடுவதைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டால் சில சமயம் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். காசு செலவில்லாத சிகிச்சை.

கபாபென்டினும் மற்றவையும்

வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கபாபென்டினுக்குக் குடிநோயில் கொஞ்சம் ஆதரவான சான்று இருக்கிறது. 2014இல் வெளியான, 150 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தினம் 1800 மில்லிகிராம் எடுத்தவர்கள் குடியிலிருந்து விலகி இருந்ததும் அதிகம், அவர்களுடைய தூக்கமும் மேம்பட்டது. இரண்டுக்கும் ஒரே மருந்து உதவியது என்பது அரிதான செய்தி. எல்லா ஆய்விலும் இதே பலன் வரவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், ஓபியாய்டு (அபின் வகை மருந்து) எடுப்பவர்களுக்கு மூச்சை அடக்கும். இதன் நெருங்கிய உறவான பிரெகபலினைப் போதைக்காக விழுங்கும் இளைஞர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே மனநல மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். குடிக்கும் வேட்கைக்குக் கொடுக்கும் அகாம்பிரசேட்டும் சிலருக்குத் தூக்கத்தைச் சற்று நிலைப்படுத்துகிறது. அதே வேட்கைக்குக் கொடுக்கும் நால்ட்ரெக்சோனோ சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

குவெட்டியபினைச் சின்ன அளவில் வெறும் தூக்கத்துக்காக எழுதும் வழக்கம் பரவிவிட்டது. மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் உரிய மருந்து அது. எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். அந்த நோய்கள் இல்லாதவருக்குத் தூக்கத்துக்கு மட்டும் என்றால் ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சீட்டில்லாமல் கிடைப்பவை

இரவில் மூளை சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலட்டோனின் இப்போது பழச்சுவை மிட்டாயாகவே வருகிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், படுத்ததிலிருந்து தூங்கும் வரையான நேரத்தைச் சராசரியாக 7 நிமிடம் குறைக்கிறது. ஏழே நிமிடம். இரவு 2 மணிக்குத்தான் தூக்கம் என்று நேரம் தலைகீழானவருக்கும் ஷிப்ட் வேலைக்காரருக்கும் இதைவிடக் கூடுதலாக உதவலாம். பெரிய கெடுதல் இல்லை, பழக்கமாவதும் இல்லை.

அலர்ஜிக்கான அவில் மாத்திரை போட்டுத் தூங்குவது பழைய வழக்கம். சில நாளிலேயே பலன் குறைந்துவிடும், மறுநாள் மந்தமாக இருக்கும், வயதானவர்களுக்குக் குழப்பம் வரும்.

சித்த மருத்துவத்தில் அமுக்கரா (அசுவகந்தா) சூரணம் கொடுப்பார்கள். சிறிய ஆய்வுகளில் தூக்கத்துக்கு ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் அமுக்கராவால் கல்லீரல் பாதித்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன, குடித்தவரின் கல்லீரல் ஏற்கெனவே அடிவாங்கியது. எடுப்பதென்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, சித்த மருத்துவர், மனநல மருத்துவர் இருவருக்கும் தெரிந்து எடுங்கள். இதைவிட அவசரமான எச்சரிக்கை ஒன்று: அசுவகந்தாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் புளிப்பேறும்போது தானாக உருவாகும் ஆல்கஹால் இருக்கிறது, பாட்டிலிலேயே அச்சிட்டிருப்பார்கள். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் போகச் செய்யும் டைசல்பிராம் மாத்திரையை எடுப்பவர் அதைக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு என்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். டைசல்பிராம் எடுக்காதவருக்கும் அது தினம் ஒரு மூடி சாராயம்தான்.

கசகசாப் பாலையும் சொல்லிவிடுகிறேன். கசகசா அபினிச் செடியின் விதை. கழுவாத விதையில் மார்பின் தடம் ஒட்டியிருக்கும், அதனால்தான் வளைகுடா நாடுகள் சிலவற்றுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. குருமாவில் அரைத்து ஊற்றும் அளவு யாரையும் ஒன்றும் செய்யாது. ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள்கிறவர் இரவுதோறும் அதைத் தூக்க மருந்தாகக் குடிப்பதை மட்டும் தவிர்க்கலாம்.

பயிற்சி: மெதுவானது, நிலைக்கக்கூடியது

2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது மாத்திரையை இல்லை, சி.பி.டி.-ஐ எனப்படும் அறிதல் நடத்தைப் பயிற்சியை. ஐரோப்பிய வழிகாட்டுதல்களும் அதையே சொல்கின்றன. நான்கு முதல் எட்டு அமர்வுகள். இதன் எலும்புக்கூடு இரண்டு உளவியலாளர்களுடையது: படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் முறையை 1972இல் ரிச்சர்ட் பூட்சின் முன்வைத்தார். படுக்கை நேரத்தைச் சுருக்கும் முறையை 1980களில் ஆர்தர் ஸ்பீல்மன் உருவாக்கினார்.

சுருக்குவது என்றால் என்ன? ஒருவர் இரவு 9 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுகிறார். ஒரு வாரம் குறித்துப் பார்த்தால் தூங்கியது சராசரி ஐந்தரை மணி நேரம்தான். மீதி மூன்றரை மணி நேரம் புரண்டது. அவரிடம், இனி 12 மணிக்குப் படுங்கள், ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள் என்போம். பகலில் தூங்கக் கூடாது. முதல் வாரம் எரிச்சலும் அசதியுமாக இருக்கும், திட்டுவார்கள். இரண்டாவது வாரத்தில் தூக்க அழுத்தம் சேர்ந்து, படுத்ததும் தூங்குவார். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கினால் வாரம் 15 நிமிடம் கூட்டலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாருக்கும் இறக்குவதில்லை.

பூட்சின் முறையில் தூக்கம் வராவிட்டால் சுமார் 20 நிமிடத்தில் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் எந்த அறைக்குப் போவது? இங்கே புத்தகத்தை அப்படியே பின்பற்ற முடியாது. திண்ணையோ, மொட்டை மாடிப் படியோ, அடுப்படியோ போதும், வெளிச்சம் குறைவாக இருக்கட்டும், போன் மட்டும் கையில் வேண்டாம். பாயில் படுப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. காலையில் சுருட்டி வைத்துவிட்டால் பகலில் படுக்கையே இல்லை. கட்டில் வாங்கிய வீடுகளில்தான் ஆள் நாள் முழுக்க அதில் கிடந்து டிவி பார்க்கிறார்.

குடியை விட்டவருக்கு நான் சேர்த்துச் சொல்வது, 9 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில் திறந்துவிட்ட மூன்று மணி நேரத்தைப் பற்றி. டாஸ்மாக் 10 மணி வரை திறந்திருக்கும். பழைய வழக்கப்படி வேட்கை கிளம்புகிற நேரமும் அதுவே. மாலையில் ஏ.ஏ. கூட்டம் (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுவது) இருந்தால் முடிந்து நிதானமாக வீடு வரட்டும், 10 மணிக்குப் பிறகு வீட்டுக்குள் செய்ய ஒரு வேலை எழுதி வைக்கப்பட்டிருக்கட்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் படுக்கை நேரத்தை மட்டும் சுருக்குவது விஷப்பரீட்சை.

பலன் என்ன? மனச்சோர்வில்: தூக்கமின்மை உள்ள 60 வயது கடந்த 291 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு வந்தது, பொதுவான தூக்கக் கல்வி மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு வந்தது. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்களிடம் 2008இல் 30 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, மருந்தோடு இந்தப் பயிற்சியும் சேர்ந்தால் மனச்சோர்வே பலருக்கு விலகுகிறது என்று நம்பிக்கை தந்தது. பின்னர் 150 பேரை வைத்துச் செய்தபோது தூக்கம் மேம்பட்டது, மனச்சோர்வு விலகியதில் தெளிவான வித்தியாசம் இல்லை. குடிநோயிலும் அதே கதைதான்: தூக்கம் நன்றாகவே மேம்படுகிறது, ஆனால் அதனால் மட்டும் மறுவீழ்ச்சி குறைகிறது என்று இதுவரையான ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியவில்லை. இருந்தும் நான் இதைத்தான் முன்வைக்கிறேன். பயிற்சி முடிந்த பிறகும் பலன் நீடிக்கும் வழி இதுதான். இதற்கு விலகல் விளைவும் கிடையாது.

இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கத்தைச் சுருக்கினால் வெறிநிலை கிளம்பலாம், செய்யக் கூடாது. வலிப்பு உள்ளவர், லாரி, பஸ் ஓட்டுகிறவர், உயரத்தில் நின்று வேலை செய்கிறவர் ஆகியோருக்கும் சுருக்கும் பகுதி ஆபத்து. குடியை நிறுத்திய முதல் இரண்டு வாரத்தில் யாருக்கும் வேண்டாம்.

இதைக் கற்றுத்தர ஆள் கிடைப்பதுதான் நம் ஊரில் பெரிய தடை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் மருத்துவ உளவியலாளர் இருந்தால் அவரையும் கேளுங்கள். வழியே இல்லை என்றால் ஒரு நோட்டில் படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம் எழுத ஆரம்பியுங்கள். எழும் நேரத்தை மட்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, ஒரே மணியில் நிறுத்துங்கள். முழுப் பயிற்சி ஆகாது, ஆனால் பாதி தூரம் போகலாம்.

தேர்ந்தெடுக்கும் முன்

குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறவருக்கு மேலே சொன்ன எதுவும் முதல் பதில் ஆகாது. தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அது இருந்தால் தூக்க மாத்திரை நிலைமையை மோசமாக்கும். காலில் பூச்சி ஊர்வது போல் இருந்தால் இரும்புச் சத்தைப் பாருங்கள். பிறகு டீ. குடியை நிறுத்தியவர் நாளைக்கு எட்டு டீ, ஒரு கட்டு பீடி, இடையில் ஹான்ஸ் என்று மாறியிருப்பார். கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் ஆகும், நிகோடினும் தூக்கத்தைக் கலைக்கும். மாலை 6 மணி டீயை நிறுத்தாமல் மாத்திரை கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன்.

இனி என் தேர்வு. குடியை நிறுத்திப் பத்து நாள் ஆகாதவர் மருத்துவமனையில், பென்சோடயசெபினோடு. மூன்றாவது வாரத்தில் இருப்பவர், சோகமாகவும் இருக்கிறார் என்றால் உடனே மனச்சோர்வு மருந்துக்குப் பாய வேண்டியதில்லை. குடியால் வந்த சோர்வு பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே தெளிகிறது. அதுவரை நோட்டு, ஒரே எழும் நேரம், டீ குறைப்பு. வேட்கையும் சேர்ந்து வாட்டினால் அகாம்பிரசேட் அல்லது கபாபென்டின் பற்றி மருத்துவரிடம் பேசலாம். ஒரு மாதம் குடிக்காமல் இருந்தும் சோர்வு விலகவில்லை, அல்லது குடிக்கு முன்பே சோர்வு இருந்தது என்றால் மிர்டாசபின், கூடவே பயிற்சி. குடியே இல்லாத மனச்சோர்வுக்காரருக்கு, எடுக்கும் மருந்தின் வேளையை மாற்றிப் பார்த்துவிட்டுப் பயிற்சி. மெலட்டோனினை யாராவது விரும்பி எடுத்தால் நான் தடுப்பதில்லை, அதற்காக மெனக்கெடுவதும் இல்லை. செத்துவிடலாம் என்ற பேச்சு வந்தால் இந்த ஒப்பீடு எல்லாம் அப்புறம். அன்றிரவே தனியாக விடாமல் மருத்துவமனை, அல்லது 14416. டெலி மானஸ் என்ற அந்த அரசு எண்ணில் தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் அல்பிரசோலம் போட்டுக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிட வேண்டாம், வலிப்பு வரலாம். மருத்துவர் சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். தேவைப்பட்டால் நீண்ட நேரம் வேலை செய்யும் டயசெபாமுக்கு மாற்றி இறக்குவார். கனடாவில் நாள்பட மாத்திரை எடுத்துவந்த முதியவர்கள் 76 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில், அளவை மட்டும் குறைத்தவர்களில் 48 சதவீதம் பேரும், குறைப்போடு தூக்கப் பயிற்சியும் பெற்றவர்களில் 85 சதவீதம் பேரும் மாத்திரையை முழுக்க விட்டார்கள். இறக்கத் தொடங்கும் முன்பே நோட்டில் எழுதும் வேலையை இரண்டு வாரம் பழகிவிடுங்கள். அடுத்த குறைப்பு எந்தத் தேதியில், எவ்வளவு என்பதை சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.